பிட்புல் வளர்ப்பதற்காக என்னைக் கைது செய்வார்களா?

கடிதத்தின் சுருக்கம்

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வயது 34. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஊரில் இவரும் மாமனாரும் ஏழு வயது மகனும்தான். மூன்று வருடத்துக்கு முன் கொழுந்தனார் 25,000 ரூபாய் கொடுத்து ஒரு பிட்புல் குட்டி வாங்கி வந்தார். கொஞ்ச நாள் ஆசையாக வளர்த்தவர், வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். வீட்டுக்குள் நாய் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டதால், அன்றிலிருந்து அது தென்னந்தோப்பில் மோட்டார் கொட்டகை ஓரமாகச் சங்கிலியில் கிடக்கிறது. இரண்டு வேளையும் சோறு கொண்டுபோய் வைப்பவர் இவர். லீவு நாளில் மகனும் கூடப் போய் அதனோடு விளையாடுகிறான்.

போன மாசியில், சம்பா அறுத்த வயலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தபோது சங்கிலிக் கொக்கி கழன்றுவிட்டது. நாய் பாய்ந்துபோய், பக்கத்துத் தெரு அக்கா ஒருவரின் வெள்ளாட்டுக் குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டது. விலக்கப்போன அவருடைய மகளுக்குக் கையில் பல் பட்டுக் காயம். அந்தப் பெண் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுவருகிறார். ஆட்டுக்கு 12,000 ரூபாய் கேட்டார்கள், மாமனார் மறுத்துவிட்டார். அப்புறம் தெருவே திரண்டு காவல் நிலையத்தில் மனு கொடுத்தது. “அது அரசாங்கம் தடை செய்த நாய், ஒரு வாரத்தில் அப்புறப்படுத்துங்கள்” என்றார் ஊராட்சித் தலைவர். கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீசும் வந்துவிட்டது. சோற்றில் மருந்து கலந்து வைத்துவிடுவேன் என்று ஒருவர் வெளிப்படையாகவே சொல்கிறார். ராத்திரியோடு ராத்திரியாகக் கொள்ளிடக் கரையில் விட்டுவிடலாம் என்பது மாமனாரின் யோசனை. நண்பர் வீட்டுப் பெட்டையோடு சேர்த்தால் குட்டிக்கு 15,000 கிடைக்கும், அதில் எல்லாச் செலவையும் ஈடுகட்டலாம் என்பது கொழுந்தனாரின் யோசனை.

“நாய் வாங்கிய ரசீது என் பேரில் இல்லை. வாசலில் ‘நாய் ஜாக்கிரதை’ போர்டும் இருக்கிறது. அப்படியும் என்னைக் கைது செய்வார்களா? இந்த இனமே கொலைகார இனம், கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்கிறார்கள். ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் சரியா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

பிட்புல் வளர்க்கிறீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைக் கைது செய்ய முடியாது. ஆனால், நடந்ததற்காக உங்கள் மேல் வழக்கு வர முடியும். ஊரில் எல்லோரும் நாயின் இனத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சட்டம் கேட்கப்போவது வேறு: இது ஆபத்தான நாய் என்று உங்களுக்கு எப்போது தெரியும், தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தடை இருக்கிறதா?

ஊராட்சித் தலைவர் காதில் விழுந்தது முழுப் பொய்யில்லை, பழைய செய்தி. 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ உட்பட 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ கூடாது. ஏற்கெனவே வளர்ப்பில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது அது. பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்று சொல்லி, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுப் புதிதாக முடிவெடுப்பதாக மத்திய அரசும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியபோது, தமிழகக் கால்நடைத் துறை அதே 23 இனங்களுக்குத் தடை என்று அறிவித்து, உடனே திரும்பப் பெற்றுக்கொண்டது. தலைவர் நினைவில் நிற்பது அந்த அறிவிப்பாக இருக்கலாம்.

சென்னை மாநகராட்சி வேறு முடிவெடுத்தது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். அந்த டிசம்பரில், பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனிப் புதிய உரிமம் கிடையாது, ஏற்கெனவே இருப்பவற்றை வாய்க்கவசமும் கழுத்துப்பட்டையும் இல்லாமல் வெளியே கொண்டுவரக் கூடாது என்று மாநகராட்சி தீர்மானம் போட்டது. இது சென்னை எல்லைக்குள் மட்டும்தான். ஆனால் உங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. “நானே சென்னைக்குக் கூட்டிக்கொள்கிறேன்” என்று கொழுந்தனார் நாளைக்குச் சொன்னால் அது நடக்காது.

ஆக, உங்கள் ஊரில் இந்த இனத்துக்கென்று தடை இல்லை. தலைவர் வாயால் சொன்ன ஒரு வாரக் கெடு சட்டப்படியான உத்தரவும் இல்லை. அதற்காக அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தெருவில் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள், அந்த அச்சத்தைத்தான் அவர் பேசுகிறார். என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

ரசீது யார் பேரில் இருந்தாலும்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி, ரசீது உங்கள் பேரில் இல்லை என்பதுதான். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 291-ஐப் பாருங்கள். தன் வசம் இருக்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாமல், தெரிந்தோ கவனக்குறைவாகவோ விட்டுவிடுபவரை அது தண்டிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யார் காசு கொடுத்து வாங்கினார் என்ற கேள்வி அதில் இல்லை. மூன்று வருடமாகச் சோறு வைப்பவர் நீங்கள், தோப்பு உங்கள் குடும்பத்தோடது. நாய் உங்கள் வசம்தான் இருக்கிறது. கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் பிரிவு 125-ம் சேரும். கொடுங்காயம் என்றால் தண்டனை மூன்று வருடம் வரை போகும். உயிரே போய்விட்டால் பிரிவு 106, ஐந்து வருடம் வரை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. 291-ம் 125-ம் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள்தான். ஒரு கீறல் காயத்துக்காக உங்களைச் சிறையில் வைக்கமாட்டார்கள். ஆனால் மாசிக்கு முன்னால் நீங்கள் இருந்த இடம் வேறு, இப்போது இருக்கும் இடம் வேறு. “இதுவரை யாரையும் ஒன்றும் செய்ததில்லை, கொக்கி கழலும் என்று நினைக்கவில்லை” என்று அன்றைக்குச் சொல்ல முடிந்தது. இனி முடியாது. தெருவினர் கொடுத்த மனு, அதற்குக் காவல் நிலையம் தந்த சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது, கோட்டாட்சியர் நோட்டீஸ் மூன்றுமே உங்களுக்கு ஆபத்து தெரியும் என்பதற்கு எழுத்துச் சாட்சி. அதே கொக்கியோடு அதே தென்னை மரத்தில் நாய் கட்டிக் கிடந்து, இன்னொரு நாள் ஒரு குழந்தையைக் கடித்தால், எந்த வக்கீலாலும் உங்களுக்குப் பெரிதாக உதவ முடியாது.

போர்டு விஷயம். “நாய் ஜாக்கிரதை” என்று எழுதி மாட்டுவது உங்களைக் காப்பாற்றாது. நாய் முரடு என்று உங்களுக்கே தெரியும் என்பதற்கு அதையே எதிர்த் தரப்பு காட்டலாம். போர்டு இருக்கட்டும், அதை நம்பி இருக்காதீர்கள்.

இந்த இனமே அப்படித்தானா?

தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. எல்லா நாய்க்கும் இருக்கும் தாடை அமைப்புதான் இதற்கும். ஆனால் பிடித்தால் விடாமல் உலுக்கும் பிடிவாதம் உண்மை, அதற்கு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் கட்டிப்போட்ட காளை மீது நாய்களை ஏவும் விளையாட்டு 1835-இல் சட்டப்படி நிறுத்தப்பட்டது. அதன்பிறகு சூதாடிகள் நாய்ச் சண்டைக்கு மாறினார்கள். புல்டாக்கின் வலுவையும் டெரியரின் விடாப்பிடியையும் கலந்து உருவாக்கிய நாய்கள்தான் பிட்புல்லின் முன்னோர். ஆகவே மற்ற விலங்குகள் மேல் பாயும் வேகம் இவற்றில் பலவற்றுக்கு அதிகம். ஆட்டைக் கொன்ற நாய் அடுத்து மனிதரைக் கொல்லும் என்று அதற்குப் பொருளில்லை. அவை இரண்டும் வேறு வேறு குணங்கள். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் பட்டி பட்டியாக ஆடுகளைக் கொன்றவை சாதாரணத் தெருநாய்கள்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் 2013-இல் வந்த ஓர் ஆய்வு உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது. 2000 முதல் 2009 வரை அங்கே நாய் கடித்து இறந்த 256 பேரின் விவரங்களை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தார்கள். 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யப்படவில்லை. 76 சதவீதத்தில் அந்த நாய்கள் குடும்பத்தோடு பழகி வளராமல், சங்கிலியிலோ கூண்டிலோ தனியாகவோ ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. 87 சதவீதத்தில் தடுக்கக்கூடிய ஆள் பக்கத்தில் இல்லை. என்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான சம்பவங்களில்தான். இப்போது உங்கள் தோப்பை நினைத்துப் பாருங்கள். கருத்தடை ஆகாத ஆண் நாய். சங்கிலியில் தனிமை. மனித முகம் பார்ப்பது ஒரு நாளில் இரண்டு தடவை. பக்கத்தில் ஓர் ஏழு வயதுப் பையன். சகோதரி, அது பிட்புல்லாக இல்லாமல் நம் ஊர் ராஜபாளையமாக இருந்தாலும் நான் இதே அளவு கவலைப்பட்டிருப்பேன்.

இனத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் நான் தயாரில்லை. 2022-இல் லக்னோவில் 82 வயது அம்மா ஒருவரைக் கொன்றது அவர் வீட்டிலேயே வளர்ந்த பிட்புல். தசை வலுவும் பிடிவாதமும் சேர்ந்த நாய் கடித்தால் சேதம் அதிகம், அதனால் வளர்ப்பவரின் பொறுப்பும் அதிகம். இனத்தைத் தடை செய்வதால் மட்டும் கடி குறைந்ததா என்றால், வெளிநாட்டு அனுபவம் நம்பிக்கை தரவில்லை. பிரிட்டன் 1991-லேயே பிட்புல்லைத் தடை செய்தது. 2023 முடிவில் எக்ஸ்எல் புல்லி என்று இன்னொரு வகையையும் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த தடையை 2008-இல் கைவிட்டது. மாடு பயிரில் இறங்கினால் மாட்டின் ஜாதியையா விசாரிக்கிறோம், கட்டாமல் விட்டவரைத்தானே கேட்கிறோம்? நாய் விஷயத்திலும் பலன் தருவது அந்தக் கேள்விதான் என்பது என் கருத்து.

செய்யவே கூடாதவை

கொள்ளிடக் கரையில் விடுவது. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருட விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்குள்தான், அதனால் மாமனார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் கரையோரம் ஆடு மேய்ப்பவரையோ குளிக்கப்போகும் பிள்ளையையோ பசித்த அந்த நாய் கடித்தால், தெரிந்தே விட்டுவந்த குற்றம் உங்கள் குடும்பத்தின் மேல் விழும்.

குட்டி போட்டு விற்பது. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்க 2017-ஆம் வருட விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. விதியை விடுங்கள். உங்கள் தோப்பில் இன்று நடப்பது இன்னும் ஏழெட்டுத் தோப்புகளில் நடக்க நாமே வழி செய்யலாமா? கொழுந்தனாரிடம் இதை நீங்கள் தனியாகப் பேசிச் சங்கடப்பட வேண்டாம், கணவரைப் பேசச் சொல்லுங்கள். 

மருந்து வைப்பேன் என்பவரிடம் சண்டைக்குப் போவது. விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325-இன் கீழ் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அவர் சொன்னதைத் தேதியோடு எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்துவையுங்கள், போதும்.

முடித்துவிடுவதா, வைத்துக்கொள்வதா?

இந்த முடிவை வக்கீலும் எடுக்கக் கூடாது, தெருவும் எடுக்கக் கூடாது. ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். மனிதர்கள் மேல் இதற்கு எப்படிப்பட்ட குணம் என்று பரிசோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன் இரண்டையும் முடித்துச் சான்று வாங்குங்கள். வளர்ப்பு நாய்க்கு இவற்றைச் செய்ய வேண்டியது வைத்திருப்பவரின் பொறுப்பு என்று 2023-ஆம் வருட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன. மனிதரிடம் ஆபத்தான நாய், திருத்த முடியாது என்று பரிசோதித்த மருத்துவரே சொன்னால், அவர் கையால் வலியில்லாமல் போவதில் பாவம் ஒன்றுமில்லை. அந்த வார்த்தை வரும்வரை அவசரப்படாதீர்கள்.

வைத்துக்கொள்வதானால் இப்போதிருக்கும் வைப்பு உதவாது. எந்நேரமும் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், கட்டியே கிடக்கும் நாயை நடக்கவிடாமல் வைப்பதும் அதே 11-ஆம் பிரிவில் குற்றங்கள். ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை அடித்து, அடியில் தோண்ட முடியாதபடி சிமெண்ட் போட்டு, இரட்டைத் தாழ்ப்பாளோடு நிழலான அடைப்பு ஒன்று கட்டுங்கள். அடைப்பு கொல்லைப்புறத்தில், வீட்டு மனிதர்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும். மாமனார் இதற்கு மட்டும் இறங்கிவர வேண்டும். வெளியே நடத்துவது பெரியவர் ஒருவர், வாய்க்கவசத்தோடு, உறுதியான பெல்ட்டில். மகன் தனியாக அதன் அருகே போகவே கூடாது. சோறு வைக்கும் வேளையில் கூட்டிப்போகவும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்ய வீட்டில் ஆள்பலம் இருக்கிறதா என்று உண்மையாக யோசியுங்கள். இந்த நாய் இழுத்தால் உங்களால் நிறுத்த முடியுமா? வயதான மாமனாரால் முடியுமா? முடியாது என்றால் பெரிய நாய்களை வளர்த்துப் பழகிய ஒரு வீட்டுக்கு, கருத்தடை முடிந்த பிறகு, நடந்ததை மறைக்காமல் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவதுதான் நல்லது. உங்கள் கடிதத்திலிருந்து பார்த்தால் இந்த வழிதான் உங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. செங்கல் சூளைக்குக் காவல், லாரி ஷெட்டுக்குக் காவல் என்று கேட்டு வருபவருக்கு மட்டும் தராதீர்கள். அங்கேயும் சங்கிலிதான் காத்திருக்கும்.

கோட்டாட்சியர் விசாரணை

இந்த நோட்டீஸ், குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152-இன் கீழ் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆபத்தான விலங்கைக் கொல்லவோ, அடைத்து வைக்கவோ, வேறுவிதமாக அகற்றவோ உத்தரவிட, நிர்வாக நடுவர் என்ற முறையில் கோட்டாட்சியருக்கு அதில் அதிகாரம் உண்டு. நடுவில் இருக்கும் அந்த “அடைத்து வைக்க” என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு, அதனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். அடைப்பின் போட்டோ, தடுப்பூசிச் சீட்டு, கருத்தடைச் சான்று, மருத்துவர் கடிதம், ஊராட்சியில் கொடுத்த கடித நகல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்துக் கொடுங்கள். வேலை இன்னும் முடியவில்லை என்றால் எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

அதற்கு முன்னால், ஆடு பறிகொடுத்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். மாமனார் மறுத்தது தப்பு என்றே சொல்வேன். அவர்களுக்கு அந்தக் குட்டி ஒரு சேமிப்பு. மகளுக்கு எல்லாத் தவணை ஊசியும் முடிந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால் கடித்த சமயத்தில் அதற்கு வெறிநோய் இல்லை என்று அர்த்தம். அந்தச் செய்தியை அவர்களிடம் சொல்லுங்கள், ஆனாலும் டாக்டர் சொல்லாமல் ஊசியை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவையும் அந்தப் பெண் இழந்த கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். ஆட்டின் விலையில் பேச்சு இழுத்தால் கால்நடை மருத்துவரை மதிப்புப் போடச் சொல்லலாம். சமாதானமாகத் தரும் தொகை, இதை வழக்கில் ஒப்புதலாகக் காட்டக் கூடாது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மன்னார்குடி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள், 15100 என்ற எண்ணுக்குப் போனும் செய்யலாம். நோட்டீசையும் சி.எஸ்.ஆர். நகலையும் எடுத்துக்கொண்டு, விசாரணைத் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னதாகப் போங்கள்.